ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் பாதுகாப்பா?

கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வலையமைப்பு நிறுவித் தரும் பணியில், "எல்லாம் ரவுட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறது, வெளியிலிருந்து யார் வர முடியும்?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். இந்த நம்பிக்கைக்குக் காரணம் ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றம்.

இணையத்தில் கருவிகளுக்கு முகவரி தரும் முறையான ஐபியின் நான்காம் பதிப்பில் இருப்பவை சுமார் 429 கோடி முகவரிகளே. அவை போதாமல் போகும் என்று உணர்ந்து 1994-இல் முன்வைக்கப்பட்ட இடைக்கால ஏற்பாடுதான் நாட். பாதுகாப்பு அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை. உங்கள் கணினி 192.168.1.10 என்ற உள்முகவரியில் 51000 என்ற போர்ட்டிலிருந்து (ஒரே முகவரியில் வெவ்வேறு இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) ஓர் இணையதளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் அந்த முகவரியை நீக்கித் தன் பொதுமுகவரியையும், எடுத்துக்காட்டாக 40001 என்ற போர்ட்டையும் இட்டு அனுப்பி, யாருடைய கோரிக்கை என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் 40001-க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்க்கிறது. கேட்காமல் வரும் தரவுக்கு அட்டவணையில் வரி இல்லாததால், அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பொதுவாகக் கைவிடுகிறது. வந்தது நல்லதா கெட்டதா என்று அது ஆராய்வதே இல்லை.

ஆகவே ஒரு வரியை நிரந்தரமாக எழுதிவிட்டால் கதவு திறந்துவிடும். கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பதற்காகச் செய்யப்படும் போர்ட் ஃபார்வர்டிங் அதுதான். ஒரு கடையில், அது சரியாக வேலை செய்யாததால், முன்பு வந்தவர் டிஎம்இசட் வசதியை இயக்கி, வெளியிலிருந்து வருவன அனைத்தையும், கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆரின் முகவரிக்குத் திருப்பியிருந்தார். பிறகு டிவிஆர் பழுதாகி அகற்றப்பட்டது; அமைப்பை மட்டும் யாரும் நீக்கவில்லை. மாதங்கள் கழித்து ரவுட்டர் அதே உள்முகவரியை பில் போடும் கணினிக்கு வழங்கியது. கணக்குகள் முழுவதும் இருந்த அந்தக் கணினி இணையத்தின் முன் நேரடியாக நின்றிருந்ததை, வேறொரு பழுதைப் பார்க்கப் போனபோதுதான் கண்டேன். அன்று எனக்கு உண்டான கலக்கம் இன்னும் மறக்கவில்லை.

இத்தகைய திறந்த கருவிகளைத் தேடுவது மனிதர்கள் அல்லர், ஓயாமல் இயங்கும் நிரல்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே இடப்பட்ட 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை முயன்றே ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது.

உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட் இரண்டையும் திறந்து பாருங்கள். எதற்கென்று தெரியாத வரிகளை, நிறுவியவரிடம் கேட்டு நீக்குங்கள். உள்ளிருக்கும் கருவி தானாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பி வசதி தேவையில்லையெனில் அணைத்துவிடுங்கள். கேமராவை வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டுமானால் விபிஎன் எனப்படும் மறையாக்கப்பட்ட தனிவழியில் பாருங்கள். ஐபி ஆறாம் பதிப்பில் வழக்கமாக நாட் கிடையாது என்பதால், அங்கே கேட்காமல் வரும் இணைப்புகளைத் தடுக்கும் ரவுட்டரின் ஃபயர்வால் இயங்குகிறதா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.