ஜோர்ஜியாவில் வெடிக்கிற ரயர்

தை மாதம் பிறந்து இரண்டு கிழமைக்குள் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு இரண்டு மூன்றாவது வந்துவிடும். அழைக்கிறவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகரம் தாண்டி, ஐ-75 நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பார். பின்னால் இழுத்துக்கொண்டு போன ட்ரெய்லரின் ரயர் வெடித்திருக்கும். "நல்லாத்தானே ஓடிக்கொண்டு வந்தது தம்பி, றோட்டிலே ஒரு குழிகூட இல்லை" என்பார்.

நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ட்ரெய்லர் திருத்துகிறவன். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்து, பிக்கப் ட்ரக்கின் பின்னால் கொழுவி இழுக்கிற வீடு அது. குளிர்காலம் முழுக்கப் புளோரிடாவில் இருந்துவிட்டு வசந்தத்தில் திரும்பி வருகிறவர்களை இங்கே ஸ்நோபேர்ட் என்பார்கள். முன்பெல்லாம் என்னிடம் வருகிற ஸ்நோபேர்ட்கள் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள்தான். இப்போது வேலையை விட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த எங்கட அண்ணைமாரும் அக்காமாரும் வருகிறார்கள். அரிசி மூட்டையோடு வருகிறார்கள். அந்த மூட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் பயம் பனிமேல்தான். ஒன்ராறியோவையும் ஒஹாயோவையும் எப்படித் தாண்டுவது, கென்டக்கி முடிந்து டெனசியில் ஏறுகிற இடத்தில் ஜெலிக்கோ மலை வழுக்குமா என்று கேட்பார்கள். பயப்பட வேண்டியதுதான். ஆனால் வானிலை மோசம் என்றால் ஒரு நாள் பிந்தி வெளிக்கிடலாம். நான் பார்த்தவரையில் பயணத்தைக் கெடுப்பது பனி இல்லை. ஐப்பசியில் கொண்டுவந்து நிறுத்திய வண்டியைத் தையில் அப்படியே கொழுவிக்கொண்டு வெளிக்கிடுவதுதான். ஜோர்ஜியாவில் வெடிக்கிற ரயர் ஒன்ராறியோவில் வீட்டு வாசலிலேயே பாதி செத்துவிட்டது.

போன வருடம் ஒருவர் வந்தார். ட்ரெய்லரைச் சுற்றி வந்து ரயரைத் தட்டிக்காட்டி, "பாரும் தம்பி, புதுசு மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், தவாளிப்பு கொஞ்சமும் தேயவில்லை. ட்ரெய்லர் வருடத்தில் நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம், தேய எங்கே நேரம்? நான் குந்தியிருந்து ரயரின் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தேடினேன். அந்த வரிசையின் கடைசியில் நாலு இலக்கம்: 2217. அதாவது தயாரித்தது 2017ஆம் ஆண்டு, 22ஆவது வாரம். டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தபோது, றிம்முக்குக் கொஞ்சம் மேலே, தலைமயிர் மாதிரி மெல்லிய வெடிப்புகள் வட்டமாக ஓடின. "அண்ணை, இதுக்கு எட்டு வயசு" என்றேன். "கார் ரயர் பத்து வருசம் போகுதே?" என்றார்.

கார் ரயர் தினமும் உருளும். ட்ரெய்லர் ரயர் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பாரத்தைச் சுமந்துகொண்டு, வெயிலிலும் குளிரிலும் மாதக்கணக்கில் நிற்கும். தேய்மானத்தால் அது சாவதில்லை, வயதால் சாகும். ஐந்து வருடம் தாண்டினால் சந்தேகப்படுங்கள், ஆறு தாண்டினால் மாற்றுங்கள் என்பது என் கணக்கு. மேலதிக ரயரையும் பாருங்கள். அதுவும் அதே வயதுதான்.

அடுத்தது காற்று. இதைத்தான் அதிகம் பேர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். 20 பாகை வெப்பமான ஒரு நாளில் 65 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்து நிறுத்திய ரயர், மைனஸ் 15 குளிரில் கிட்டத்தட்ட 55தான் காட்டும். ஓட்டை ஒன்றும் இல்லை, குளிர்ந்த காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். பார்வைக்கு அந்த ரயர் நேராகத்தான் நிற்கும். ஆனால் ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடியும், மடிய மடிய உள்ளே சூடு ஏறும். ஒன்ராறியோவிலும் ஒஹாயோவிலும் வெளிக்குளிர் அந்தச் சூட்டைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். தெற்கே போகப் போக றோட்டும் சூடு, காற்றும் சூடு. இரண்டாம் நாள் மத்தியானம், எல்லோரும் குளிருடுப்பைக் கழற்றிச் சந்தோசமாக இருக்கும்போது, ரயரின் உள்ளே இருக்கிற உருக்குப் பட்டியும் ரப்பரும் பிரிந்து போகும்.

வெளிக்கிடுகிற அன்று காலை, வண்டி ஒரு அடியும் அசைய முதல், பக்கச்சுவரில் எழுதியிருக்கிற உச்ச அளவுக்கு, 65 என்று வைப்போம், அடியுங்கள். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் அதேபோல் வெளிக்கிட முதல் பாருங்கள். தெற்கே விடிகாலையில் 70க்கு மேல் காட்டினால் அப்போது 65க்கு இறக்கலாம். மத்தியானம் பெற்றோல் நிலையத்தில், சூடாக ஓடிவந்த ரயரில் அளந்து பார்த்து, "ஐயோ கூடிப்போச்சு" என்று திறந்துவிட வேண்டாம். அந்தக் கூடுதல் ரயர் தயாரிக்கும்போதே எதிர்பார்த்ததுதான்.

வேகமும் சொல்ல வேண்டும். அளவு எஸ்டி என்று தொடங்குகிற ட்ரெய்லர் ரயரில் வேகத்தைக் குறிக்கிற எழுத்து வேறு இல்லை என்றால் மணிக்கு 65 மைல், நம் கணக்கில் 105 கிலோமீற்றர்தான் எல்லை. கென்டக்கியிலிருந்து தெற்கே ஐ-75 இன் பெரும்பகுதியில் 70 மைல் அனுமதி. மற்றவர்கள் 80இல் பறப்பார்கள். நீங்கள் வலது ஓரத்தில் 62, 63இல் போங்கள். ஹோர்ன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

சரி, அரிசி மூட்டைக்கு வருவோம். ஒரு அக்கா ஐந்து மாதத்துக்கு என்று இருபது கிலோ மூட்டை நாலு, தேங்காய்ப்பால் ரின் இரண்டு பெட்டி, மா, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வாங்கி, ட்ரெய்லரின் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே அழகாக அடுக்கியிருந்தார். அதற்கும் பின்னே, பம்பரில், இரண்டு சைக்கிள். கணவர் 401 நெடுஞ்சாலையில் ஏறி ஒரு லொறி முந்திப் போனதும் ட்ரெய்லர் மீன் வால் மாதிரி ஆடத் தொடங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையை விட்டு அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி நேரே என்னிடம் வந்துவிட்டார்கள். நல்ல காலம்.

ட்ரெய்லரின் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் முன்னால் கொழுக்கியில் அழுத்த வேண்டும். மூவாயிரம் கிலோ வண்டி என்றால் 300 முதல் 450 கிலோ. பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கும், அந்த அழுத்தம் குறையும், வால் ஆடும். அந்த அக்காவின் மூட்டைகளை அச்சுக்கு நேர்மேலேயும் கொஞ்சம் முன்னேயும் மாற்றினோம், சைக்கிளை ட்ரக்கில் போட்டோம். ஆட்டம் நின்றது. ஆடத் தொடங்கினால் காலால் பிரேக் மிதிக்காதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் பிடியைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். பின்வண்டி மட்டும் இழுபட்டு நேராகும். அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் முழிக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விளம்பரத்தில் ட்ரக் நாலாயிரம் கிலோ இழுக்கும் என்று இருக்கும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கும். 650 என்று வைப்போம். கொழுக்கி அழுத்தம் 400, கொழுக்கிச் சாமான் 40, கணவன் மனைவி 150. இதிலேயே 590 போய்விட்டது. மிச்சம் 60 கிலோவில் ட்ரக் பெட்டியின் மூடி, ஜெனரேற்றர், கருவிப்பெட்டி எல்லாம் எப்படி அடங்கும்? இழுக்கிற பலம் இருக்கும், சுமக்கிற இடம் இருக்காது. லொறிகள் நிற்கிற நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற நிறுவைத் தட்டு இருக்கிறது. ஏறி நிறுத்தினால் ட்ரக்கின் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் என்று பாரத்தைத் தனித்தனியே சொல்லும். ட்ரெய்லரே 4,600 கிலோவைத் தாண்டினால் ஒன்ராறியோவின் சாதாரண ஜி அனுமதிப்பத்திரம் போதாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தண்ணீர் விசயத்தில் பிழை விட்டவன் நானேதான். தொழிலுக்கு வந்த புதிதில், என் சொந்த ட்ரெய்லரில் வீட்டிலேயே தண்ணீர் நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டேன். உள்ளே ஹீற்றர் போட்டிருக்கிறேனே என்ற துணிவு. கென்டக்கியில் இரவு நிறுத்திக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. மைனஸ் 12 குளிர்; தரைக்குக் கீழே ஓடுகிற குழாயில் நாள் முழுக்க எதிர்காற்று அடித்திருக்கிறது. விடிந்து, டெனசியில் வெயில் பட்டதும், குசினி அலுமாரிக்குள்ளிருந்து சளசளவென்று சத்தம். மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இப்போது எல்லோருக்கும் சொல்வது இதுதான்: குளிர்காலத்துக்காகக் குழாயில் ஏற்றிய இளஞ்சிவப்பு அன்ரிபிறீஸ், அதாவது உறையாமல் காக்கிற திரவம், அப்படியே இருக்கட்டும். குடிக்கப் போத்தல் தண்ணீர், கழிவறைக்கு ஒரு கலன் அன்ரிபிறீஸ். ஜோர்ஜியா வந்து, இரவும் உறைநிலைக்கு மேல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு தண்ணீரை ஏற்றுங்கள். அங்கே போனாலும் வெப்பமூட்டுகிற தண்ணீர்க் குழாய் ஒன்று கையில் இருக்கட்டும். 2025 ஜனவரி 21 அன்று புளோரிடாவின் பென்சகோலாவிலேயே அரை அடிக்கு மேல் பனி கொட்டியது.

மற்றவை சின்னச் சின்ன விசயங்கள்தான். கூரைப் பனியை ஏறித் தள்ளிவிட்டு வெளிக்கிடுங்கள். நெடுஞ்சாலையில் அது பலகை பலகையாகப் பறந்து பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழும். காஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு ஓட்டுங்கள். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவிக்கும் காலாவதித் திகதி உண்டு, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். லித்தியம் பற்றரி என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாது, பழுதென்று நினைத்துக் கழற்றிக்கொண்டு என்னிடம் வரவேண்டாம். உப்புப் போட்ட றோட்டில் இரண்டு நாள் ஓடியபின் ஏழு முனைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். பிரேக்குக்கு மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது. போய்ச் சேர்ந்ததும் வண்டியின் அடியைக் கழுவிவிட்டு அதையும் துடையுங்கள்.

எட்டு வயது ரயரோடு வந்த அண்ணைக்கு நாலையும் மாற்றினேன், மேலதிக ரயரையும் சேர்த்து ஐந்து. விலை கேட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. சில்லுகளைப் பூட்டி நட்டுகளை டோர்க் சாவியால் அளந்து இறுக்கிவிட்டு, அந்தச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன். புதிதாகப் பூட்டிய சில்லு 80 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகள் கொஞ்சம் இளகும், முதல் தரிப்பிலேயே திரும்ப இறுக்கவேண்டும் என்றேன். "சரி சரி" என்று தலையாட்டினார். செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை 401 ஓரத்தில் இருக்கிற கேம்பிரிட்ஜ் ஒன்றூட் தரிப்பிடத்திலிருந்து அழைத்தார். காற்றுச் சத்தத்தில் கத்திக் கதைத்தார். "தம்பி, நீர் சொன்னது சரிதான். இடப்பக்கம் மூன்று நட்டு கால் சுற்று ஏறிச்சு."

"வலப்பக்கம், அண்ணை?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பொறும், இப்ப பார்த்திட்டுச் சொல்லுறன்."