வாளேந்திய பெண் பாத்திரமும் வாய்க்கு வந்த பேச்சும்

ஃபேன்டஸி கேமில் ஒரு பெண் பாத்திரத்தைப் பார்த்து "பொம்பளைக்கு எதுக்கு வாளு?" என்று கேள்வி வந்தால், முதலில் கவனிக்க வேண்டியது அதைக் கேட்டது யார் என்பதை. கதையில் வரும் சத்திரக்காரனா, கூட ஆடும் மனிதரா? சொற்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சத்திரக்காரனுக்குப் பதில் கொடுக்க கேமுக்குள் வழி இருக்கும். கூட ஆடுபவருக்குப் பதில் கொடுத்தால் அன்றைய ஆட்டமே கெட்டுப்போகுமோ என்ற தயக்கம் தொண்டையை அடைக்கும். ஆட்டக்காரர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. திருப்பிப் பேச இடமிருந்தால் கோபமும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடும். இல்லையென்றால் ஆள் சத்தமில்லாமல் விலகிப்போவார்.

முதலில் கதைக்குள் எழுதப்பட்ட பேச்சு. 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் குனாரி என்ற கற்பனை இனத்தைச் சேர்ந்த ஸ்டென் என்ற வீரன் நம் குழுவில் சேர்வான். நாயகி பெண் என்றால், பெண்கள் போரிடுவதில்லையே, நீ எப்படிப் போரிடுகிறாய் என்று குழம்பிப்போய்க் கேட்பான். அவனோடு வாதாட டயலாக் தேர்வுகள் உண்டு. அவன் உடனே மனம் மாறுவதும் இல்லை. ஆனால் அதே முகாமில்தான் இருக்கிறான், அதே போரில் நம் பக்கம் நிற்கிறான், அடுத்த முறையும் அவனிடம் பேச முடியும். பல ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் எரிச்சல்பட்டாலும் கேமை மூடிவிடுவதில்லை. எரிச்சலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது.

2015-ல் வந்த தி விட்சர் 3 கேமில் சிரி என்ற பெண் பாத்திரமாக ஆடும் பகுதிகளில், சண்டையின்போது எதிரிகள் பாலியல் வசவுகளைக் கத்துவார்கள். வில்லன்கள் கெட்ட வார்த்தை பேசாமல் வேறென்ன பேசுவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சண்டைக் கூச்சல்கள் ஒரு சிறு தொகுப்பிலிருந்து மாற்றி மாற்றி எடுக்கப்படுபவை. தொகுப்பில் 8 வரிகள், 10 நொடிக்கு ஒரு கூச்சல் என்று வைத்துக்கொண்டால், 4 நிமிடச் சண்டையில் 24 கூச்சல்கள். ஒவ்வொரு வரியும் சராசரியாக 3 முறை காதில் விழும். தோற்று மறுபடி ஆடினால் இன்னும் 3 முறை. எழுதியவர் ஒரே ஒரு தடவைதான் எழுதினார், கேட்பவருக்கோ அது நச்சரிப்பாகிவிடுகிறது. பாலினம் சார்ந்த வசவை இந்தத் தொகுப்பில் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து. கதைக்கு அது தேவையென்றால் ஒரு காட்சியில் ஒரே முறை, பெயருள்ள ஒரு பாத்திரம் பேசட்டும்.

அப்படி எழுதும்போது சரிபார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். அந்த வரியை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறைகிறதா? குறையவில்லை என்றால் எடுத்துவிடலாம். பாத்திரம் பதில் சொல்ல குறைந்தது இரண்டு வழியாவது இருக்கிறதா? சிரித்துக் கடப்பது, கடுமையாகப் பேசுவது என்று இரண்டும் வைத்தால், ஒரே மாதிரி நாயகியை எல்லோர் மேலும் திணிக்க வேண்டியதில்லை. பேசியவனுக்குப் பின்னால் ஏதாவது விளைவு உண்டா? கடைசியாக, அந்த ஊரில் எத்தனை பேர் இப்படிப் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காவலன், வணிகன், மன்னன், திருடன் நால்வரும் இதையே சொன்னால் அது நான்கு பாத்திரங்களின் குரல் இல்லை, எழுதியவரின் குரல்.

"அந்தக் காலத்தில் அப்படித்தானே இருந்தது" என்ற வாதம் ஒவ்வொரு குழுவிலும் ஒருமுறையாவது வரும். நெருப்பு கக்கும் டிராகனை ஏற்றுக்கொண்டவருக்குப் பெண் தளபதியை மட்டும் நம்ப முடியவில்லை. அவரோடு வரலாறு பேசி வெல்ல முயல வேண்டாம், இரவு முழுக்க நீளும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்கலாம். சில நேரம் அந்தப் பேச்சை விதிப்புத்தகமே பேசியிருக்கிறது. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ரோல்பிளே கேமின் ஆட்டக்காரர் கையேட்டில் மனித இனப் பெண் வீரரின் உடல்வலிமைக்கு 18/50 உச்சவரம்பு, அதாவது 18-க்கு மேல் உள்ள நூறு படிகளில் 50 வரைதான். ஆணுக்கு 18/00 வரை போகலாம், 00 என்றால் நூறு. 1989-ன் இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பை நீக்கினார்கள். அதனால் ஆட்டம் ஒன்றும் குலைந்துவிடவில்லை.

இனி மனிதர்கள் பேசுவது. இதுதான் அதிகம் காயப்படுத்துகிறது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளே கேமில், பேச்சுக்கு ஆளானவர் எழுந்து கத்துவது அரிது. பெரும்பாலும் அவரும் மற்றவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் கதையை நடத்தும் கேம் மாஸ்டர்கள் சறுக்கும் முதல் இடம். சிரிப்புக்குப் பிறகு வரும் அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். அதுவரை பாத்திரத்தின் குரலில் பேசியவர் "தாக்குறேன்", "பின்னால நிக்குறேன்" என்று சுருக்கிக்கொள்வார். தன் முறை வரும்போது மட்டும் பகடையை உருட்டுவார். இணையவழி ஆட்டம் என்றால் கேமரா அணையும். இரண்டு வாரம் கழித்து "வேலை அதிகம்" என்று செய்தி வரும். அதற்குமேல் காரணம் கேட்டாலும் கிடைக்காது.

இன்னொரு வகை எதிர்வினை பார்க்க நல்லதாகத் தெரியும், விளைவு அவ்வளவு நல்லதில்லை. கதையில் ஒருவன் பெண் பாத்திரத்தை இழிவாகப் பேசியதுமே மற்ற மூன்று பேரும் வாளை உருவி அவன்மேல் பாய்வார்கள். அவமதிக்கப்பட்டவர் வாய் திறப்பதற்குள் காட்சி முடிந்திருக்கும். கேம் மாஸ்டர் இந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "உங்க கேரக்டர் என்ன செய்யுறாங்க?" என்று அவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் உதவி கேட்டால் மற்றவர்கள் வரலாம்.

பேசியவர் கதாபாத்திரம் இல்லை, கூட ஆடுபவர் என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். "அந்தப் பேச்சு இங்க வேண்டாம். இப்ப யாரோட முறை?" இவ்வளவு போதும். இரண்டாவது வாக்கியம் முக்கியம். அது இல்லையென்றால் எல்லோருடைய கண்ணும் பாதிக்கப்பட்டவர்மேல் குவியும். விளக்கம், விவாதம் எல்லாம் இடைவேளையில், தனியாக. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பேசியவரின் பாத்திரத்தின்மேல் டிராகனை இறக்கிப் பழிவாங்குவது. தான் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்றே அவருக்குப் புரியாது, மற்றவர்களுக்கு அது வெறும் பாரபட்சமாகத் தெரியும். ஆளுக்கும் ஆளுக்கும் நடந்ததை ஆள்களாகவே பேசித் தீர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடித்தளம், ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய கூட்டம். செஷன் ஜீரோ என்பார்கள். அங்கே வெறும் "யாருக்கும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, கதையில் வரவே கூடாதவை, காட்டாமல் குறிப்பால் கடந்துபோக வேண்டியவை என இரண்டு பகுதிகளாக எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். தாள்களைச் சேர்த்து ஒரே பட்டியலாக வாசியுங்கள். பாலின இழிவுப் பேச்சு எந்தப் பகுதியில் வருகிறது என்பது இப்படித்தான் தெரியவரும்.

ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும், அதாவது X என்ற எழுத்து போட்ட அட்டையையும், பலர் மேசை நடுவில் வைக்கிறார்கள். யார் தொட்டாலும் அந்த விஷயம் கதையிலிருந்து எடுக்கப்படும், காரணம் சொல்லத் தேவையில்லை. நடைமுறையில் அட்டை பெரும்பாலும் தூசி படிந்தே கிடக்கும். முதலில் தொடுபவர்தான் "தொட்டாற்சிணுங்கி" என்று பெயர் வாங்குவார் என்ற பயம். அதனால் முதல் நாளே கேம் மாஸ்டர் ஏதாவது சின்ன விஷயத்துக்குத் தானே ஒருமுறை தொட்டுக் காட்ட வேண்டும். இணையவழியில் ஆடும்போது தனிச்செய்தியில் அந்த ஒற்றை எழுத்தை அனுப்பும் வழியையும் வைத்துவிடுங்கள்.

ஆன்லைன் கேம்களில் முகம் தெரியாது, பேச்சு கூர்மையாகும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹாலோ 3 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் முன்பே பதிவுசெய்த குரல்களை ஒலிக்கவிட்டார்கள். ஆண் குரலைவிடப் பெண் குரலுக்கு மூன்று மடங்கு எதிர்மறைப் பேச்சுகள் வந்தன. அதே கேமை வைத்து 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில், பெண் குரலிடம் அதிக வன்மம் காட்டியவர்கள் திறன் குறைந்த ஆண் ஆட்டக்காரர்கள். பலர் குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரியோடு மோதும் ஃபேன்டஸி ரெய்டுகளிலும் இது அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாஸ் எனப்படும் அந்தப் பெரிய எதிரியிடம் தோற்ற அடுத்த நிமிடம்தான் ஆபத்தான நேரம் என்பது, கில்டு எனும் ஆட்டக்காரர் குழுக்களை நடத்துபவர்கள் பலர் அறிந்தது. தோல்விக்குப் பின் தலைவர் உடனே எங்கே தவறியது என்று பேசத் தொடங்கினால், வேண்டாத வாய்களுக்கு இடம் குறையும்.

சாட்டில் வைத்திருக்கும் சொல்வடிகட்டியை மட்டும் நம்ப வேண்டாம். "நீ ஹீலராவே இரு, டாங்க் எல்லாம் உனக்குச் சரிவராது" என்பதில் வசவுச்சொல் ஒன்றுகூட இல்லை. குணப்படுத்தும் வேலையே உனக்குப் போதும், முன்னால் நின்று அடிதாங்கும் வேலை வேண்டாம் என்கிறது அது.

புகார் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் சாட் பெட்டியின் நேரக்குறியோடு ஸ்கிரீன்ஷாட். முந்தைய பத்து வரிகளும் அதில் தெரியட்டும், இல்லையென்றால் "விளையாட்டாச் சொன்னேன்" என்று தப்பிக்க வழியாகும். அடுத்து பாத்திரப் பெயர், சர்வர், நேரம் மூன்றையும் எழுதிப் புகார் அனுப்புங்கள். மியூட் செய்வது அதற்குப் பிறகுதான். சில கேம்களில் தடுத்துவிட்டால் அவர் எழுதியது திரையிலிருந்தே போய்விடும். வாய்ஸ் சாட்டில் நடந்தது என்றால், உடன் கேட்ட ஒருவரும் தனியாகப் புகார் செய்வது நல்லது. பாதிக்கப்பட்டவரிடம் பொதுச் சாட்டில் "நீங்க ஓகேவா?" என்று விசாரிக்காதீர்கள். தனிச்செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கில்டு தலைவருக்குப் புகார் வந்தால் ஒரு நாளுக்குள் கிடைத்தது என்றாவது சொல்ல வேண்டும், என்ன முடிவு எடுத்தோம் என்பதையும் புகார் செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை மேடையேற்றுவது. அவர் வேண்டும் என்றால் மட்டும், தனியாக. அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, சமாதானமாகப் போகட்டும் என்று அந்தப் பெண்ணையே வேறு குழுவுக்கு மாறச் சொல்வது. குழு மாற வேண்டியவர் பேசியவர்தான், அவர் இல்லாமல் அந்த வார ரெய்டுக்கு ஆள் போதாமல் போனாலும்.