ஊசி நின்றால் மெஷின் நின்றதாக அர்த்தம் இல்லை

"ஊசி நின்னுட்டுதானேங்க இருந்துச்சு?"

இந்த வருடத்தில் இதை மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். இந்த முறை சொன்னவர், என் லாங்ஆர்ம் தையல் மெஷினில் விரலைக் குத்திக்கொண்ட, இருபது வருடமாக பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா. சொல்லும்போது இடது ஆள்காட்டி விரலைச் சுற்றி டிஷ்யூ பேப்பர், அது சிவந்துகொண்டே வருகிறது. நல்லவேளை நகத்தின் ஓரத்தோடு போய்விட்டது, எலும்பில் படவில்லை. ஒரு டெட்டனஸ் ஊசி, ஒரு கட்டு, முடிந்தது. ஆனால் முந்தைய இரண்டு பேரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஹூஸ்டன் பக்கம் லாங்ஆர்ம் மெஷின் வைத்து, மற்றவர்கள் ஒட்டுத்துணி கோத்துக் கொண்டுவருகிற க்வில்ட்டுகளை, அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைகளை, முடித்துக் கொடுப்பவள். சனிக்கிழமைகளில் கற்றும் கொடுக்கிறேன், கற்றுக்கொண்டவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கும் விடுகிறேன். தெரியாதவர்களுக்காக: மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் பேக்கிங் என்கிற அடித்துணி என்று மூன்றையும் பத்துப் பன்னிரண்டு அடி நீள ஃப்ரேமில் உருளைகளில் சுற்றி வைப்போம். துணி அசையாது. மெஷின்தான் சக்கரத்தில், தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடும். நாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படம் வரைவதுபோல் அதை நகர்த்த வேண்டும்.

இங்கேதான் தைக்கத் தெரிந்தவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தைக்கவே தெரியாத காலேஜ் பெண் வந்தால் பயந்து பயந்து கையை எட்ட வைத்திருப்பாள், அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இருபது வருட அனுபவம் உள்ள கைதான் ஊசிக்குப் பக்கத்தில் தானாகப் போகும்.

வீட்டு மெஷினில் பெடலிலிருந்து காலை எடுத்தால் நின்றது. உங்கள் உடம்பு அதை அப்படியே நம்பிப் பழகிவிட்டது. லாங்ஆர்மில் பெடல் கிடையாது. கைப்பிடியில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆன், இன்னொரு முறை அழுத்தினால் ஆஃப். ஆன் செய்துவிட்டு ஸ்டிச் ரெகுலேட்டர் போட்டிருந்தால், சக்கரத்தில் இருக்கிற சென்சார் மெஷின் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கும். வேகமாகத் தள்ளினால் வேகமாக, மெதுவாகத் தள்ளினால் மெதுவாக. தள்ளாமல் நின்றால் ஊசியும் நிற்கும், சத்தமே வராது. ஆனால் மெஷின் நின்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. சிக்னலில் கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பைக் மாதிரி அது. பைக்காவது உறுமும், இது உறுமக்கூடச் செய்யாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ச்சுக்கு 10 தையல் வைத்திருக்கிறீர்கள். இடுப்பு கைப்பிடியில் இடித்து மெஷின் அரை இன்ச் நகர்ந்தால் ஊசி 5 தடவை இறங்கும். ஒரு விரலால் தள்ளினாலே அது ஓடும், அப்படி ஓடத்தானே அதற்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். அந்த அக்கா செய்தது இவ்வளவுதான்: ஆரம்பிக்கிற இடத்தில் பாபின் நூல் மேலே வரவில்லை, வலது கை கைப்பிடியிலேயே இருக்க, இடது கையால் நூல் நுனியைக் கிள்ளி எடுக்கக் குனிந்தார். குனியும்போது வலது கையில் உடம்பின் பாரம் விழுந்தது. அவ்வளவுதான்.

"ரெகுலேட்டர் இருக்கே, அது பாதுகாப்புக்குத்தானே?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. அது தையல் ஒரே அளவில் விழுவதற்கு. உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. என்னைக் கேட்டால், நிற்கும்போதும் ஊசி கடகடவென்று இறங்கிக்கொண்டே இருக்கிற மோடு புதியவர்களுக்குப் பரவாயில்லை என்பேன். குறைந்தது பயமாவது இருக்கும்.

ஆகவே, பட்டனை ஆஃப் செய்யுங்கள், வலது கையைக் கைப்பிடியிலிருந்து எடுங்கள், பிறகுதான் நூலைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. நூல் நுனிக்கு ட்வீசர் இருக்கிறது, விரல் வேண்டாம். ஊசி மாற்றவோ பாபின் கேஸை எடுக்கவோ போனால் பவர் ஸ்விட்சையே அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்ய அரை நிமிடம் ஆகிறது என்று அலுத்துக்கொள்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

அடுத்தது, துணியை இழுத்துக் கட்டுவது. ஆரி வேலையும் எம்பிராய்டரியும் கற்றவர்கள் வந்தால் முதல் வேலையாக ஃப்ரேமில் துணியை மத்தளம் மாதிரி முறுக்கி வைக்கிறார்கள், தட்டினால் சத்தம் வர வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தது கையில் ஊறியிருக்கிறது. ஆரிக்கு அது சரி. இங்கே ஊசி துணிக்குள் இருக்கும்போதே மெஷின் நகர்ந்துகொண்டிருக்கும். துணி விட்டுக்கொடுக்காவிட்டால் ஊசி வளையும். வளைந்த ஊசியின் நூலைக் கீழே இருக்கிற ஹுக் பிடிக்கத் தவறும், தையல் விடும், நூல் பிய்யும், கடைசியில் ஊசி தகட்டில் இடித்து உடையும். நூல் டென்ஷன் (நூலின் இறுக்கம்) சரியில்லை என்று அரை நாள் டென்ஷன் திருகைத் திருகிக்கொண்டிருப்பீர்கள், குற்றம் உருளையில் இருக்கும். அதோடு, இழுத்துத் தைத்ததை ஃப்ரேமிலிருந்து எடுத்தவுடன் துணி சுருங்கி, ஊறவைத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். சோதிக்கிற வழி சுலபம். அடியிலிருந்து ஒரு விரலை மேலே முட்டுங்கள். மேலிருந்து இன்னொரு கையால் அந்த விரல் நுனியை மூன்று துணியோடும் சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். முடியவில்லையா, தளர்த்துங்கள். (மெஷின் ஆஃபில் இருக்கும்போது. சொல்லாவிட்டால் யாராவது செய்வார்கள்.)

ரூலர். வீட்டில் துணி வெட்ட வைத்திருக்கிற மெல்லிய அக்ரிலிக் ரூலரைக் கொண்டுவந்து அதையொட்டித் தைக்கப் பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். லாங்ஆர்ம் ரூலர் கால் இன்ச் தடிமன், காரணத்தோடுதான். மெல்லியதாக இருந்தால் மெஷினின் கால் அதன்மேல் ஏறிவிடும், ஊசி அக்ரிலிக்கில் இறங்கும். உடைந்த துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நீங்கள் குனிந்து, முகத்தை அரை அடி தூரத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடி போடுங்கள். பவர் இல்லாத கண்ணாடியானாலும் போதும்.

ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துப் பாருங்கள், முழு ஊசியும் வருகிறதா என்று. நான் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தபோது எல்லாத் துண்டையும் ரிஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது குழந்தைக்குப் போர்த்துகிற க்வில்ட்டில் ஊசி முனை ஒன்று தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன், அந்த ரிஜிஸ்டர்மேல் மரியாதை வருகிறது. ஊசி விரலில் குத்தி உடைந்து, ஒரு துண்டு குறைந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நேராகப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

துப்பட்டா வேண்டாம். தாலிச்செயினை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், குனிந்தால் அது நேராக ஊசிக்கு மேலே வந்து தொங்குகிறது. முடியைக் கட்டுங்கள். குழந்தைகளுக்கு ஃப்ரேமுக்கு அடியில் கூடாரம் மாதிரி இருக்கும், போய் ஒளிந்துகொள்வார்கள், அடியிலிருந்து துணியைத் தள்ளிப் பார்ப்பார்கள். அவர்களை அறைக்குள் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம், காயத்துக்குச் சம்பந்தமில்லாதது. பேக்கிங் துணியை மேல்துணி அளவுக்கே வெட்டிக் கொண்டுவராதீர்கள். நாலு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக வேண்டும், கிளிப் எங்கே மாட்டுவது? எத்தனை தடவைதான் சொல்வது.

ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் இங்கே ஜார்ஜ் ஆர். பிரவுன் மையத்தில் நடக்கிற க்வில்ட் திருவிழா முடிந்ததும் எனக்கு நாலு போன் வரும். அங்கே லாங்ஆர்ம் மெஷின் பார்த்தேன், தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கிவிடட்டுமா என்று. கணினியோடு வாங்கினால் ஒரு கார் விலை. அவசரப்படாதீர்கள். எங்கேயாவது பத்து மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பழைய காட்டன் பெட்ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள். முதல் மணி நேரம் நூலே கோக்காமல், ஊசியையும் கழற்றிவிட்டு, வெறும் மெஷினை நகர்த்துங்கள். சிக்குக் கோலம் போட்ட கை சீக்கிரம் பழகும், ஆனால் கோலத்துக்கு மணிக்கட்டு, இதற்குத் தோளும் காலும். கூடவே நடக்க வேண்டும்.

அந்த அக்காவின் க்வில்ட் இன்னும் என் ஃப்ரேமில்தான் இருக்கிறது, பேத்திக்கானது, மூன்று வரிசை பாக்கி. ரத்தம் பட்ட இடத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து எடுத்துவிட்டேன். வெந்நீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். கட்டுப் பிரித்ததும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ட்வீசரை ஒரு ரிப்பனில் கோத்துக் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.