ஒரு சுற்று கூடுதலாகத் திருகு

தொடையில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் ஒருவருக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். வளர்ந்தவரின் உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது; அதில் 2 லீற்றர் போனாலே உயிர் ஊசலாடத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் போர்முனைக்கு எந்த வைத்தியரும் வந்து சேரமாட்டார். வரக்கூடியவர், சூட்டுக்கு நடுவே குனிந்து ஓடிவரும் மருத்துவச் சிப்பாய் ஒருவர்தான்.

அவருடைய பை நிறைய மருந்து இருந்தாலும் அந்தக் கணத்தில் அதில் பெரும்பாலானவற்றைத் தொடமாட்டார். 1996இல் அமெரிக்காவில் வெளியாகி, இன்று பல நாட்டுப் படைகள் பின்பற்றும் போர்க்கள மருத்துவ முறைப்படி, சூடு நடக்கும்போது முதல் வேலை மறைவிடம் தேடுவது. சிகிச்சை என்று ஒன்று செய்வதானால், கைகாலில் பீறிடும் இரத்தத்தை டூர்னிக்கே போட்டு நிறுத்துவது. எலும்பு முறிவு, வலி எல்லாம் அப்புறம்.

டூர்னிக்கே என்பது அகலமான ஒரு பட்டியும், அதைத் திருகி இறுக்க விரல் நீளத்தில் ஒரு குச்சியும்தான். காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் தள்ளி, மூட்டில் படாமல் கட்டவேண்டும். விஷயம் எவ்வளவு இறுக்குவது என்பதில் இருக்கிறது. நாடிக்குள் இரத்தத்தின் உச்ச அழுத்தம் 120 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும்; இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்துக்குள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அரைகுறையாகக் கட்டினால் நாளம் மட்டும் நசுங்கி மூடிக்கொள்ளும். நாடி தன்பாட்டில் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். திரும்பிப் போக வழியில்லாத இரத்தம் காயத்தால் கொட்டும். கட்டாமல் விட்டதைவிட அது மோசம். சாரத்தைக் கிழித்துச் சும்மா சுற்றிவிடுவதில் உள்ள ஆபத்தும் இதுதான். மெல்லிய கயிறும் உதவாது: ஆழத்தில் உள்ள நாடி மூடுவதற்குள் தோலையும் நரம்பையும் அறுத்துவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு முதலுதவி வகுப்பில் என் கையில் இதைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் திருகில் மணிக்கட்டுத் துடிப்பு மெலிந்தது, மூன்றாவதில் காணாமலே போனது. வலி தாங்கவில்லை. “போதும் அண்ணை, கழட்டுங்கோ” என்றேன். “காயக்காரனும் இப்பிடித்தான் கெஞ்சுவான். கழட்டினால் ஆள் முடிஞ்சுது” என்றார் பயிற்றுநர். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைத்தான் எல்லோரும் வீரம் என்கிறோம். என்னைக் கேட்டால், கத்துகிற நண்பனின் கையைத் தட்டிவிட்டு இன்னொரு சுற்றுத் திருகுவதற்குத்தான் அதைவிட நெஞ்சுரம் வேண்டும்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. இரத்தம் போகப்போக உடல் குளிர்கிறது, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து இரத்தம் உறையும் திறனைக் கெடுப்பதால் இரத்தப்போக்கு இன்னும் கூடுகிறது. 2006இல் பக்தாத் இராணுவ வைத்தியசாலை ஒன்றில் நடந்த ஆய்வில், இரத்தம் குறைந்து உடல் தளரும் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் டூர்னிக்கே போடப்பட்டவர்களில் 90 சதவீதமானோர் பிழைத்தார்கள். பிந்திப் போடப்பட்டவர்களில் 10 சதவீதம்தான்.

கட்டிய நேரத்தைப் பட்டியிலேயே எழுதிவிடுவார்கள். 2 மணி நேரம் வரை கைகாலுக்குப் பொதுவாகப் பாதகமில்லை. 6 மணி நேரம் தாண்டினால் அது தப்புவது அரிது. கொழும்பில் காலி வீதி நெரிசலில்கூடத் தேசிய வைத்தியசாலைக்கு 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆகவே வழியில் தளர்த்திப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. டூர்னிக்கே கையில் இல்லையா, சரி, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து முழுப் பலத்தோடும் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்க்கவேண்டாம்.