தூக்க மாத்திரைக்கு முன்னால் ஒரு சிகிச்சை இருக்கிறது

தூக்கம் வரவில்லை என்று வருபவருக்கு மாத்திரை எழுத ஒரு நிமிடம் போதும். மாத்திரை இல்லாத சிகிச்சையை விளக்க அரை மணி நேரமாவது வேண்டும். வெளியே கூட்டம் காத்திருக்கும்போது எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சக மருத்துவர்கள் யாரும் இந்தச் சிகிச்சையை வேண்டாம் என்பதில்லை. ஆனால் மாத்திரை இல்லாத சிகிச்சை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘மாலையில் காபி வேண்டாம், செல்போனைத் தள்ளி வையுங்கள்’ என்ற அறிவுரைதான். அதைச் சொல்லிப் பார்த்து, பலன் இல்லை என்றதும் மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு அந்த அறிவுரை மட்டும் போதாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2021 வழிகாட்டுதலும் அதைத் தனிச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

நான் சொல்வது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை; தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை. நாட்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இதையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-லேயே பரிந்துரைத்தது. மாத்திரையைப் போலவே இதற்கும் அளவு உண்டு; படுக்கையில் கிடக்கும் நேரம்தான் அது. இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்வோம். இரவு பத்து முதல் காலை ஏழு வரை படுக்கையில் கிடப்பவர் உண்மையில் தூங்குவது ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இனி அவர் பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. “தூக்கமே இல்லைன்னு வந்தா, படுக்கிற நேரத்தையும் குறைக்கிறீங்களே டாக்டர்!” என்பார்கள். கோபம் நியாயம்தான். முதல் ஓரிரு வாரம் பகலெல்லாம் கண்ணைச் சொருகும். படுத்திருக்கும் நேரத்தில் சுமார் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்த பிறகு, பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டுவோம்.

அந்த முதல் வாரங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது ஒரு போன் செய்து பேச ஆள் இருந்தால் பாதிப் பேராவது தாக்குப்பிடிப்பார்கள் என்பது என் எண்ணம். அதற்கு மருத்துவரே வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும்.

வலிப்பு நோய், இருமுனை மனநோய் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) உள்ளவர்களுக்கும், இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கும் நேரத்தைக் குறைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். குறட்டையோடு மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடலாம். சில மாத்திரைகளில் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். புதிதாக எழுதித் தருகிறார் என்றால், “எத்தனை நாளைக்கு?” என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.