இரண்டு லேப்டாப்பை இணைக்க ஃபயர்வாலை அணைக்க வேண்டாம்

நங்கநல்லூரில் ஒரு வீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் இரண்டு போர்ஷன், எல்லாருக்கும் ஒரே வைஃபை. வீட்டுக்காரர் நாலு பேருக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர். தன் லேப்டாப்பில் இருக்கும் ஃபைல்கள் மகளின் லேப்டாப்பிலும் தெரிய வேண்டும் என்று பக்கத்துக் கடையில் கேட்டிருக்கிறார். செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது மாடியில் குடியிருக்கும் பையன் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால் இவருடைய டி டிரைவ் முழுக்கத் தெரிகிறது: பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், அத்தனையும் அடுத்தவர்களுடையது. நல்ல பையன், இறங்கி வந்து சொல்லிவிட்டான்.

நான் போய்ப் பார்த்தபோது, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் ஆஃப். பாஸ்வேர்ட் கேட்கும் ஷேரிங் ஆஃப். டிரைவ் 'எவ்ரிஒன்' பெயரில், ஃபுல் கன்ட்ரோலோடு, அதாவது யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். இதையே இன்னும் எத்தனை வீட்டில் பார்ப்பது?

கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வீட்டுக்குள்ளதானே சார், எதுக்கு பாஸ்வேர்ட்?" உங்கள் நெட்வொர்க்குக்கு வீட்டுச் சுவர் தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்தவர் எல்லாரும் அதற்கு உள்ளே இருப்பவர்கள்தான். குடித்தனக்காரர், அவர் நண்பர், கேமரா மாட்ட வந்தவர் என்று யாருக்கெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பலர் வீட்டில் அது சொந்த மொபைல் நம்பரேதான். ஆளே வர வேண்டும் என்பதும் இல்லை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது, நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்தால் போதும். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, ஃபைல் ஷேரிங் வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அப்டேட்டைத் தள்ளிப் போடுகிறவர்களுக்காகவும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இரண்டு விண்டோஸ் லேப்டாப்பும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால், பெரும்பாலும் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கும். இரண்டிலும் 'பிரைவேட்' என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்யுங்கள். ஒன்று கெஸ்ட் வைஃபையில் (ரௌட்டரில் விருந்தாளிகளுக்கென்று பிரித்து வைக்கும் வைஃபை) இருந்தாலும் தெரியாது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். குடித்தனக்காரர்களை அந்தக் கெஸ்ட் வைஃபைக்கு மாற்றுங்கள். ஃபயர்வாலைத் தொடாதீர்கள்.

டிரைவைப் பகிராதீர்கள், ஒரே ஒரு ஃபோல்டர் போதும். அதற்கென்று பாஸ்வேர்டோடு தனியாக ஒரு யூசரை உருவாக்கி, அவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பார்த்தால் போதும் என்றால் 'ரீட்' மட்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: லேப்டாப்பைத் திறக்கப் போடும் பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது, அக்கவுன்ட் பாஸ்வேர்ட்தான் வேண்டும். பின் நம்பரைப் போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் பாஸ்வேர்ட் ஷேரிங்கையே அணைத்துவிடுகிறார்கள்.

திரையை மட்டும் காட்ட எந்த ஆப்பும் வேண்டாம். பார்க்கும் லேப்டாப்பில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' வசதியைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். காட்டும் லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு கே. அவ்வளவுதான். இன்னொரு லேப்டாப்பிலிருந்து இயக்க வேண்டும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப். இயக்கப்படும் லேப்டாப்பில் புரோ எடிஷன் இருக்க வேண்டும். ஹோம் எடிஷனை அப்படி மாற்றித் தருவதாகச் சொல்லும் வீடியோக்களை நம்பி எதையும் இறக்காதீர்கள். வெளியிலிருந்தும் பார்க்கலாம் என்று ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிடவே கூடாது.

தூரத்திலிருந்தே உங்கள் லேப்டாப்பைப் பார்க்கவும் இயக்கவும் விடும் எனிடெஸ்க் மாதிரி ஆப்பில் நிரந்தர பாஸ்வேர்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இந்த ஆப்பை வைத்து நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன யாருக்காவது ஏற்கெனவே திரையைக் கொடுத்துவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். அப்புறம் பேங்க்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் போடுங்கள். வீட்டில் திட்டுவார்களே என்று தயவுசெய்து மறைக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.