கெண்டைக்கு இரைப்பை இல்லை: கண்மாய் மீனின் தீவனமும் மருந்தும்

செட்டிநாட்டுக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தண்ணீர் பாசனத்துக்கும் வெயிலுக்கும் போய், சித்திரை வைகாசியில் பல கண்மாய்களில் சேறாகிவிடுகிறது. இடைப்பட்ட ஆறேழு மாதங்களுக்குள், விரல் நீளக் குஞ்சாக விட்ட கட்லாவும் ரோகுவும் மிர்காலும் சந்தைக்குரிய எடையை எட்டியாக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மீன்பாசி குத்தகை (கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எடுப்பவரின் கணக்கு முழுவதும் இந்தக் கெடுவுக்குள் அடங்கியது. வளர்ச்சியை விரைவுபடுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் பொட்டலங்களுக்கு இங்கே கிராக்கி இருப்பதில் வியப்பில்லை. அவற்றில் எது மீனின் உடலுக்குள் உண்மையாகவே வேலை செய்கிறது என்பதை அறிய, அதன் குடலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. நமக்கும் கோழிக்கும் உணவை அமிலத்தில் ஊறவைத்துச் சிதைக்கும் பை ஒன்று உண்டு. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தொண்டையை அடுத்து நேராகக் குடல்தான். சேர்த்துவைக்க இடமில்லாததால் அவை ஒரே வேளையில் நிறையத் தின்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேய்கின்றன. உரச்சாக்கின் அடியில் சிறு துளைகளிட்டு, கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் நிரப்பி, தண்ணீருக்குள் பாதி அமிழும்படி மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இந்தக் குடலுக்குப் பொருத்தமானது. மீன்கள் துளையில் வாய் வைத்து உறிஞ்சும்போது சாக்கு மெல்ல ஆடும். காலையில் கட்டிய சாக்கு பிற்பகலிலும் கனத்துக் கிடந்தால் தண்ணீரிலோ மீனின் உடலிலோ ஏதோ சரியில்லை என்று பொருள். எந்தக் கருவியையும் விட முந்திச் சொல்லும் அறிகுறி அது.

கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் இருந்தாலும், தசை கட்டுவதற்கு வேண்டிய லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் அதில் குறைவு. மற்றவையெல்லாம் சேர்ந்திருந்தும் புளி இல்லாவிட்டால் குழம்பு கூடாததைப் போல, இந்த இரண்டும் போதாதபோது எஞ்சிய அமினோ அமிலங்கள் சதையாக மாறுவதில்லை. உடல் அவற்றை எரித்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரையே கெடுக்கிறது என்று பொருள். கருவாட்டுத் தூளோ சோயாப் புண்ணாக்கோ சிறிது கலக்கும்போது மீன் பெருப்பதற்குக் காரணம், அவை இந்தப் பற்றாக்குறையை ஓரளவு நிரப்புவதுதான்.

தவிட்டில் சிக்கல் வேறு. புதுவயல் அரிசி ஆலைகளின் புண்ணியத்தில் இங்கே தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேர்மத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மீன், பாஸ்பரஸுக்குப் பெரும்பாலும் தீவனத்தையே நம்பியிருக்கிறது. பைட்டேட்டைத் திறக்கும் நொதிக்குப் பைட்டேஸ் என்று பெயர். கோழித் தீவனத்தில் அது நன்றாக வேலை செய்கிறது. ஏனெனில் அதன் பெரும்பாலான வகைகளுக்கு அமிலச் சூழல் வேண்டும், கோழியின் வயிற்றில் அது உண்டு. ஜிலேபி கெண்டை என்று நாம் அழைத்தாலும் திலேப்பியா கெண்டை இனமன்று; அதற்கு இரைப்பை இருப்பதால் அதற்கும் பயன்படும். கட்லாவின் குடலிலோ அமிலம் இல்லை. எனவே கோழிப் பண்ணைக்காரர் பரிந்துரைத்த பொட்டலத்தை அப்படியே வாங்கிக் கலப்பவருக்கு முழுப் பலன் கிட்டாது. தீவனத்தில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதோ, நடுநிலையில் இயங்கும் பைட்டேஸைத் தேர்வதோ பலனைக் கூட்டும். செரிக்காத பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறிப் பாசியை வளர்க்கிறது. அந்தப் பாசி இரவில் ஆக்சிஜனைத் தின்பதால்தான் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன.

வைட்டமின் பொட்டலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சியைத் தாமே உருவாக்க முடியாது. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும். ஆனால் நுண்ணுயிர் மிதவைகள் செழித்த கண்மாயில் மீனுக்கு அது இரையிலேயே கிடைக்கிறது. தார்ப்பாய்த் தொட்டியில் அடர்த்தியாக வளர்ப்பவருக்குத்தான் அது செலவாக்க வேண்டிய பொருள். நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அப்படித்தான்: பேசில்லஸ் இனம் வித்து வடிவில் வெப்பத்தைத் தாங்கும், குடலில் செரிமான நொதிகளைச் சுரக்கும், நோய்க்கிருமிக்கு இடமில்லாமல் செய்யும். தீவனத்தில் கலந்தால் பொருளுண்டு. விரிந்த கண்மாய்த் தண்ணீரில் இரண்டு கேன் ஊற்றுவது கண்மாய்க்குத் தெரியக்கூடச் செய்யாது.

இனி நுண்ணுயிர்க்கொல்லிகள். கோழிக் குஞ்சுகளுக்குக் குளோர்டெட்ராசைக்ளினைச் சிறு அளவில் கொடுத்தால் அவை வேகமாக வளர்கின்றன என்பது 1940களின் இறுதியில் அமெரிக்காவில் தெரியவந்தது. நெருக்கமான கொட்டகையில் குடல் ஓயாமல் கிருமிகளோடு போராடுகிறது. அந்தப் போராட்டத்துக்கு ஆகும் சத்து மிச்சமாவதே காரணம் என்பது பரவலான விளக்கம். மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் மனிதருக்கும் பரவும் என்ற அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்தில் இப்பழக்கத்தை முற்றிலும் தடை செய்தது. மீன்களிலோ இந்த வளர்ச்சிப் பலன் ஒருபடித்தாகக் காணப்பட்டதே இல்லை. பரவலாகக் கொடுக்கப்படும் ஆக்சிடெட்ராசைக்ளின் தண்ணீரிலும் தீவனத்திலும் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்துகொள்கிறது. கெண்டையின் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். மிச்சம் கழிவோடு வண்டலில் போய்ப் படிகிறது. அதே கண்மாயில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது, ஊர் குளிக்கிறது, மடை திறந்தால் வயலுக்கும் அதே நீர் பாய்கிறது.

நோய்க்காக மருந்து கொடுக்கும்போதும் ஒரு முரண் உண்டு. நோயுற்ற மீன் முதலில் இரையை விட்டுவிடுகிறது. மருந்து கலந்த தீவனத்தை ஆரோக்கியமான மீன்களே தின்று தீர்க்கின்றன. விராலின் உடலில் மழைக்குப் பிந்திய குளிர்ந்த நாட்களில் தோன்றும் ஆழமான சிவந்த புண், பாக்டீரியாவால் தொடங்குவது அன்று; அபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரியே அதற்குக் காரணம். 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்த அந்த நோயின் மூலத்தை டெட்ராசைக்ளின் தொடாது. தொடக்கத்திலேயே சுண்ணாம்பு இடுவது உதவும்.

மாசி, பங்குனியில் நீர் சுண்டும்போது மீன் நெருக்கம் கூடி, ஆக்சிஜன் குறைந்து, ஏரோமோனாஸ் பாக்டீரியாவால் செதில் உதிர்ந்து புண் வருவதுண்டு. மருந்துக் கடையை நாடும் நேரம் அதுதான்; பிடித்து விற்கும் நேரமும் அதுதான். மருந்து கொடுத்தபின் மீன் உடலிலிருந்து அது நீங்கக் காத்திருக்க வேண்டும். மீன்களுக்கெனக் காத்திருப்புக் காலம் வரையறுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பிய விதிகள் 500 பாகை-நாட்களைக் குறைந்தபட்ச அளவாகக் கொண்டன; அதாவது நீரின் வெப்பத்தையும் நாட்களையும் பெருக்கினால் 500 வர வேண்டும். 30 பாகை நீரில் அது ஏறத்தாழ 17 நாள். வற்றிக்கொண்டிருக்கும் கண்மாய் அவ்வளவு நாள் தருவதில்லை. அதனால் தை கடைசியிலேயே பெருத்த மீன்களை வலைவீசி எடுத்துவிடுவது மேல்: மீதமுள்ளவற்றுக்கு ஆக்சிஜனும் இரையும் தாராளமாகக் கிடைத்து, அவை பங்குனிக்குள் எடை ஏறுகின்றன.